கூரை ஒழுகவில்லை, ஆனாலும் பைக் நனைகிறது

மழை படாத இடத்தில் பைக்கை நிறுத்திவிட்டால் துருவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று பலரும் நம்புகிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை போய் வெகுகாலம் ஆகிறது. நான்கு பக்கமும் அடைத்த கொட்டகைக்குள் மாதக்கணக்கில் நின்ற வண்டி, திறந்த தாழ்வாரத்தில் சாரல் பட நின்ற வண்டியைவிட மோசமாகத் துருவேறிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். சாரலில் நனைந்தது காற்றில் காய்ந்துவிடுகிறது. அடைத்த இடத்தில் நனைந்தது காய வழியில்லாமல் அப்படியே நிற்கிறது.

என்னுடையது தகரக் கூரை, சிமெண்ட் தரை, ஒரே கதவு உள்ள சாதாரண ஷெட். உள்ளே இரண்டு வண்டிகள். ஒன்று தினமும் ஓடுவது. மற்றது குரோம் மட்கார்டும் ஸ்போக் சக்கரமும் உள்ள பழைய வண்டி, வருடத்தில் பெரும்பகுதி அசையாமல் நிற்பது. கூரையில் ஓர் ஓட்டைகூடக் கிடையாது. ஆனாலும் சில நாள் காலையில் கதவைத் திறந்து கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், பழைய வண்டியின் இன்ஜின் மேல் யாரோ தண்ணீர் தெளித்துவிட்டுப் போனது போல முத்து முத்தாக நிற்கும். சீட் காய்ந்திருக்கும், பக்கத்து பிளாஸ்டிக் மூடிகளும் காய்ந்திருக்கும். இன்ஜின், பிரேக் டிஸ்க், முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய் என்று கனமான இரும்பும் அலுமினியமும் இருக்கிற இடங்கள் மட்டும் ஈரம். இந்த வித்தியாசத்தைக் கவனித்தாலே பாதி விஷயம் பிடிபட்டுவிடும், ஏனென்றால் மேலிருந்து ஒழுகும் தண்ணீர் இப்படி ஆள் பார்த்து விழாது.

நடப்பது இதுதான். சூடான காற்று நிறைய நீராவியைத் தாங்கும், குளிர்ந்த காற்று கொஞ்சம்தான் தாங்கும். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் அளவுக்கு நீராவியை வைத்துக்கொள்ளும், 10 டிகிரியில் அது ஏறக்குறைய 9 கிராமாகச் சுருங்கிவிடும். மிச்சம் எங்கேயாவது தண்ணீராக இறங்கித்தான் ஆக வேண்டும், அது தன்னைவிடக் குளிர்ந்த பொருள் மேல்தான் இறங்கும். இரவு முழுக்கக் குளிர்ந்த இன்ஜின் காலையில் சூடேற நேரம் எடுக்கும், வெளிக்காற்றோ வெயில் வந்ததும் சட்டென்று சூடாகி உள்ளே வரும். அந்த இடைவெளியில்தான் இரும்பு வியர்க்கிறது. மெல்லிய பிளாஸ்டிக் காற்றோடு சேர்ந்தே சூடாகிவிடுவதால் தப்பித்துக்கொள்கிறது.

இதற்கு நேர்மாறான இன்னொரு வகையும் உண்டு. மேகமில்லாத இரவில் தகரக் கூரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியிருக்கும் காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். உள்ளே இருக்கிற நீராவி அந்தத் தகரத்தின் அடிப்பக்கம் ஒட்டி, சேர்ந்து, திருகாணி இருக்கும் இடங்களில் சொட்டும். டேங்க் மேலும் சீட் மேலும் வரிசையாகப் புள்ளி புள்ளியாக ஈரம் இருந்தால் இது இரவில் கூரை செய்த வேலை. இன்ஜின் முழுக்க ஒரே சீராக மூடுபனி படிந்த மாதிரி இருந்தால் அது காலையில் வண்டியே வியர்த்தது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு, அதனால் முதலில் எது நடக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

எதையும் வாங்குவதற்கு முன்னால் வாங்க வேண்டியது ஈரப்பதமும் வெப்பமும் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர், முடிந்தால் இரண்டு. ஒன்று உள்ளே இன்ஜின் உயரத்தில், ஒன்று வெளியே நிழலில். மலிவான மீட்டர்கள் கொஞ்சம் தப்பாகக் காட்டும், அதைச் சரிபார்க்க வழி உண்டு. ஒரு பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, கரைந்து போகாமல் சேறு மாதிரி ஆகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்துக் காற்றுப்புகாத பையில் ஓர் இரவு வைத்தால் 75 சதவீதம் காட்ட வேண்டும். 70 காட்டினால் அந்த மீட்டர் 5 குறைத்துச் சொல்கிறது என்று குறித்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அப்புறம் ஒரு மனக்கணக்கு. ஈரப்பதம் 100 சதவீதத்திலிருந்து ஒவ்வொரு 5 குறையும்போதும் பனிநிலை, அதாவது நீர் கோக்கத் தொடங்கும் வெப்பநிலை, காற்றின் வெப்பத்தைவிடச் சுமார் 1 டிகிரி கீழே போகும். வெளிக்காற்று 25 டிகிரி, ஈரப்பதம் 80 என்றால் பனிநிலை 21. உங்கள் இன்ஜின் இன்னும் 19 டிகிரியில் இருக்கிறது என்றால் கதவைத் திறந்த மாத்திரத்தில் நனையும். ஈரப்பதம் 50க்கு மேல் இருக்கும்வரை இந்தக் கணக்கு பரவாயில்லாமல் பொருந்தும். இன்ஜின் சூட்டைத் தொடாமலே அளக்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கியால் பார்ப்பவர்கள் பளபளப்பான குரோம் மேல் நேராகப் பிடித்தால் தப்பான எண் வரும். ஒரு துண்டு கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதன் மேல் பிடித்துப் பார்க்கணும்.

துருவுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் சுத்தமான இரும்பு ஏறக்குறைய சும்மா இருக்கும், 60ஐத் தாண்டினால் வேலையைத் தொடங்கும், 80க்கு மேல் வேகம் பிடிக்கும். இரும்பு மேல் உப்போ தூசியோ படிந்திருந்தால் இன்னும் குறைந்த ஈரத்திலேயே தொடங்கிவிடும், ஏனென்றால் உப்பு தானாகவே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஆகவே கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நீர் கோத்தால்தான் கெடுதல் என்றில்லை.

இனி முக்கியமான விஷயம். 3 மீட்டர் அகலம், 4 மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் உயரம் உள்ள ஷெட்டில் 30 கன மீட்டர் காற்று இருக்கும். 20 டிகிரியில் அந்தக் காற்று முழுவதும் நீராவியால் நிரம்பியிருந்தாலும் மொத்தத் தண்ணீர் அரை லிட்டர்தான். அரை லிட்டரை ஒரு தடவை எடுத்துவிட்டால் முடிந்தது, ஆனால் முடிவதில்லை, எடுக்க எடுக்க வந்துகொண்டே இருக்கிறது. அப்படியென்றால் தண்ணீர் எங்கிருந்தோ தினமும் உள்ளே வருகிறது. அந்த வழியை அடைக்காமல் உறிஞ்சும் பொருளையும் மிஷினையும் வாங்கிப் போடுவது வீண் செலவு. ஷெட் ஈரத்தைப் பற்றி நான் யாரிடம் பேசினாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்பேன்.

என் ஷெட்டில் பெரிய குற்றவாளி தினமும் ஓடுகிற வண்டிதான். மழையில் நனைந்து வருகிற வண்டி மட்கார்டு அடியிலும் சேற்றிலும் சீட் பஞ்சிலும் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைகிறது, சூடான இன்ஜின் அதை ஆவியாக்கிக் காற்றில் விடுகிறது, கதவைச் சாத்திவிட்டு நாம் தூங்கப் போய்விடுகிறோம், அந்த ஆவி இரவில் பக்கத்தில் குளிர்ந்து நிற்கும் பழைய வண்டியின் மேலும் கூரைத் தகரத்திலும் போய் உட்கார்ந்துகொள்கிறது. கூடவே மழைக்கோட்டையும் நனைந்த கையுறையையும் உள்ளேயே ஆணியில் மாட்டி வைத்தால் கேட்கவே வேண்டாம். நனைந்த வண்டியை வெளியே ஒரு சார்ப்பின் கீழ் தண்ணீர் வடியவிட்டு, இன்ஜின் ஆறி, துணியால் துடைத்த பிறகே உள்ளே விடுவது என்று வைத்துக்கொண்டதில் மீட்டரில் தெரிந்த மாற்றம் நான் செய்த வேறு எந்த வேலையிலும் தெரியவில்லை. இதற்குச் செலவும் கிடையாது. ஈர விறகு, செடிக்கான மண் மூட்டை, துணி காயப்போடும் கொடி எல்லாவற்றையும் அதே கையோடு வெளியேற்றிவிடலாம்.

அடுத்தது தரை. அடியில் பிளாஸ்டிக் தாள் விரிக்காமல் போட்ட கான்கிரீட், மண்ணின் ஈரத்தை மெதுவாக உறிஞ்சி மேலே விட்டுக்கொண்டே இருக்கும். மேலாகப் பார்த்தால் காய்ந்த தரைதான். சோதித்துப் பார்ப்பது சுலபம். 45 சென்டிமீட்டர் சதுரத்துக்கு ஒரு கண்ணாடித் தாளைத் தரையில் விரித்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு முழு நாள் விடுங்கள். தாளின் அடியில் நீர் கோத்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ ஓதம் கீழிருந்து வருகிறது. தாளின் மேல்பக்கம் ஈரமாக இருந்தால் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த தரையில் படிகிறது. கீழிருந்து வருகிறது என்றால் தரையை உடைக்காமலும் ஓரளவு தடுக்கலாம். கனமான பாலித்தீன் தாளைச் சுவர் ஓரம் வரை, கொஞ்சம் சுவரில் ஏறும்படி விரித்து, அதன் மேல் மரப்பலகையோ கனமான பிளைவுட்டோ போட்டு வண்டியை நிறுத்துவது. எபாக்ஸி பெயிண்ட் அடிக்கலாமே என்பார்கள். ஈரம் ஏறும் தரையில் அது சில காலத்தில் தோல் உரிந்து வருவதைப் பார்க்கலாம், தரை நன்றாகக் காய்ந்திருந்தால் மட்டும் அடிப்பது நல்லது. வெளிப்பக்கத்தையும் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். கூரைத் தண்ணீர் சுவர் அடியிலேயே விழுகிறதா, மண் சுவரோடு குவிந்திருக்கிறதா, தரைச் சரிவு ஷெட்டை நோக்கி இருக்கிறதா என்று. பல ஷெட்களில் ஒரு தூம்பும் ஒரு சின்ன வாய்க்காலும் வைத்தாலே பாதி ஓதம் அடங்கிவிடும்.

கூரைச் சொட்டுக்கு முக்கியமான வழி, ஈரக் காற்றுக்குக் குளிர்ந்த தகரம் எட்டாமல் செய்வது. தகரத்தின் அடியில் ஃபோம் பலகையை இடைவெளியில்லாமல் ஒட்ட வேண்டும். மேலே இடைவெளி விட்டு ஒப்புக்கு மாட்டினால் காற்று அதன் பின்னால் புகுந்து அங்கே நீர் கோக்கும், நமக்குத் தெரியாது, பலகை கனத்துக் கீழே விழும்போதுதான் தெரியும். பெட்ரோல் இருக்கும் இடம் என்பதால் தீ பிடிக்காத ரகமா என்று கேட்டு வாங்குவது அவசியம். புதிதாகக் கூரை போடுபவர்கள் அடியில் கம்பளி போன்ற படலம் ஒட்டிய தகரத்தை வாங்கலாம். அது இரவில் ஈரத்தைப் பிடித்துவைத்துப் பகலில் விட்டுவிடும்.

காற்றோட்டம் வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். வேண்டும்தான், ஆனால் எந்த நேரமும் அது நல்லது செய்யும் என்பது உண்மையல்ல. ஒரு பக்கச் சுவரில் கீழேயும் எதிர்ச் சுவரில் மேலேயும் துளை வைத்து எலி நுழையாமல் வலை அடித்தால் காற்று தானாக ஓடும். தரையிலிருந்தும் நனைந்த வண்டியிலிருந்தும் எழும் ஈரத்தை அது வெளியே கொண்டுபோய்விடும், நிரந்தரமாக இருக்க வேண்டிய ஏற்பாடு இது. ஆனால் நாலைந்து நாள் குளிருக்குப் பிறகு திடீரென்று புழுக்கமான காற்று அடிக்கும் நாளில் கதவை ஆவென்று திறந்துபோட்டால், வெளியிலிருக்கிற ஈரத்தை நாமே அழைத்து வந்து இரும்பின் மேல் பூசுகிறோம். அந்த மாதிரி நாளில் கதவைச் சாத்தி வைத்து, வெயில் ஏறி உள்ளே இருப்பதெல்லாம் மெதுவாகச் சூடான பிறகு திறக்கணும். வெளிக்காற்றின் பனிநிலை உள்ளே இருக்கும் இரும்பின் வெப்பத்தைவிடக் குறைவா என்பதே கேள்வி. குறைவு என்றால் திற, அதிகம் என்றால் மூடு. உள்ளேயே ஒரு சின்ன மின்விசிறியை வண்டியைப் பார்த்து ஓடவிடுவதும் பயன் தரும். காற்று உரசிக்கொண்டே இருந்தால் இன்ஜின் காற்றின் சூட்டைச் சீக்கிரம் எட்டிப்பிடிக்கும்.

வண்டி உறை விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பு. ஷெட்டுக்குள் நிற்கும் வண்டிக்குத் தார்ப்பாயோ பிளாஸ்டிக் உறையோ போடாதீர்கள். தரை வரை இழுத்து மூடிய உறைக்குள் தரையின் ஈரம் எல்லாம் அடைபட்டு, வெளியே 65 காட்டும்போது உறைக்குள் 85 காட்டும் நிலை வரும். நம்பாதவர்கள் மீட்டரை உறைக்குள் வைத்துப் பார்க்கலாம். தூசிக்குப் பயந்தால் காற்றுப் புகும் துணி உறை, தரையிலிருந்து நன்றாக எட்டி நிற்கும்படி. பழைய பருத்திப் போர்வையும் ஆகும், ஆனால் ஈரக்காலத்தில் பருத்தி தண்ணீரை வைத்துக்கொண்டு குரோம் மேல் ஒட்டிக்கிடக்கும், அப்போது எடுத்துவிட வேண்டும்.

ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளைச் சீட்டின் மேல் வரிசையாக அடுக்கி வைப்பதில் அர்த்தமில்லை. கதவு இடுக்கில் காற்று போய்வருகிற ஷெட்டில் அது சீக்கிரம் நிரம்பிவிடும். மூடி இறுக்கமான பெட்டிக்குள், ஹெல்மெட் பைக்குள், டூல் பாக்ஸுக்குள் என்றால் அருமையாக வேலை செய்யும், நிரம்பியதும் 120 டிகிரி சூட்டில் சில மணி நேரம் வைத்து மறுபடி பயன்படுத்தலாம். கால்சியம் குளோரைடு டப்பாக்களிடம் ஜாக்கிரதை. அது ஈரத்தை உறிஞ்சி உப்புக் கரைசலாக மாறித் தேங்கும். டப்பா கவிழ்ந்து அந்தக் கரைசல் அலுமினியத்திலோ செயினிலோ பட்டால் மழைத் தண்ணீர் வருடக்கணக்கில் செய்வதைச் சில வாரத்தில் செய்துவிடும்.

மின்சாரம் இருக்கிறவர்களுக்கு இரண்டு வழி. வண்டிக்குக் கீழே அல்லது பக்கத்தில் 60, 80 வாட் குழாய் ஹீட்டர் ஒன்று. 10 டிகிரி, 90 சதவீதத்தில் இருக்கும் காற்றை 15 டிகிரிக்கு ஏற்றினாலே ஈரப்பதம் சுமார் 66க்கு இறங்கிவிடும், ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட வெளியே எடுக்காமல். கூரைக்கும் சுவருக்கும் ஃபோம் ஒட்டியிருந்தால்தான் அந்தச் சூடு தங்கும் என்பதை மறக்க வேண்டாம். மண்ணெண்ணெய் அடுப்போ கேஸ் ஹீட்டரோ வைத்துச் சூடாக்குவது நேர் எதிர் வேலை. ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகக் காற்றில் சேரும், பெட்ரோல் இருக்கும் இடத்தில் நெருப்பு என்பது தனிக்கதை. இன்னொரு வழி டீஹியூமிடிஃபையர், அதாவது காற்றிலிருந்து ஈரத்தைப் பிரித்தெடுக்கும் மிஷின். குளிர் அதிகமான இடத்தில் கம்ப்ரசர் வகை பனிக்கட்டி பிடித்துத் திணறும், உறிஞ்சு சக்கரம் உள்ள வகை அங்கே பொருந்தும். எதுவானாலும் ஈரப்பதத்தை 50, 55ல் வைத்து, தண்ணீர்க் குழாயை வெளியே விட்டு, காற்றுத் துளைகளை அப்போது மூடிவிட வேண்டும். துளையைத் திறந்து வைத்து மிஷின் ஓட்டுவது ஊர்க் காற்றையெல்லாம் காயவைக்கும் முயற்சி.

வண்டியைப் பொறுத்தவரை, நிறுத்தி வைக்கும் காலத்தில் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஐடிலில் விடும் பழக்கத்தை நான் ஒத்துக்கொள்வதில்லை. பெட்ரோலும் எரியும்போது லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரை உண்டாக்கும். சைலன்சர் முழுக்கச் சூடாகாமல் அணைத்தால் அந்தத் தண்ணீர் உள்ளேயே தங்கி உள்ளிருந்து அரிக்கும், கொஞ்சம் இன்ஜின் ஆயிலிலும் கலக்கும். ஓட்டினால் அரை மணி நேரமாவது ஓட்டி நன்றாகச் சூடாக்கி ஆறவிடுங்கள், இல்லையென்றால் தொடாதீர்கள். நிறுத்துவதற்கு முன் ஆயிலை மாற்றிவிடுவது நல்லது, பழைய ஆயிலில் அமிலமும் ஈரமும் சேர்ந்திருக்கும். இரும்பு டேங்க் என்றால் பெட்ரோல் விரிவடையக் கொஞ்சம் இடம் விட்டு நிரப்பி வையுங்கள், காலி இடம் குறைந்தால் உட்சுவர் வியர்ப்பதும் குறையும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்து, அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலுமாகப் பிரிந்து அடியில் படியும். அதனால் மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்துவிட வேண்டும், டேங்கில் பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் திரவத்தை ஊற்றி, அது எல்லா இடமும் போகும்படி வண்டியைக் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தினால் இன்னும் நல்லது.

கழுவிய வண்டியை அன்றே அடைக்கக் கூடாது, ஓட்டிக் காயவைத்துத்தான் உள்ளே விட வேண்டும். ஃபோர்க் குழாய்க்குத் தனிக் கவனம் கொடுங்கள். அதன் குரோமில் ஊசிமுனை அளவு துருக்குழி விழுந்தால் போதும், ஏறி இறங்கும்போதெல்லாம் ஆயில் சீலை அறுத்துவிடும், அப்புறம் சீல் மாற்ற மாற்ற ஒழுகும். மெல்லிய கிரீஸோ மெழுகோ துணியில் தொட்டுப் பூசி விடுவது ஐந்து நிமிட வேலை. தண்ணீரை விரட்டும் ஸ்ப்ரேக்கள் ஈரத்தை வெளியேற்ற நல்லவை, ஆனால் அவற்றின் படலம் மெல்லியது, மாதக்கணக்கில் காக்காது. செயினுக்குச் செயின் லூப்தான். எதை அடித்தாலும் பிரேக் டிஸ்க்கிலும் பேடிலும் பட விடாதீர்கள். சைலன்சர் வாயை, அது ஆறிய பிறகு, எண்ணெய்த் துணியால் அடைத்து ஒரு சிவப்பு நாடாவை வெளியே தொங்கவிட்டால் ஸ்டார்ட் செய்யும் முன் கண்ணில் படும். பேட்டரியைக் கழற்றி வேறு காய்ந்த இடத்தில் வைத்து, 12.4 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம்.

திரும்ப எடுக்கும்போது டிஸ்க் மேல் மஞ்சளாக ஒரு படலம் இருந்தால் பதற வேண்டாம், மெதுவான வேகத்தில் சில தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். பேட் டிஸ்க்கோடு ஒட்டி சக்கரம் சுழலவே மறுத்தால் மட்டும் வலுக்கட்டாயமாகத் தள்ளாமல் பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரைக் கழற்றிப் பாருங்கள். பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் அதையும் அப்போதே மாற்றிவிடலாம், டாட் 4 வகை பிரேக் ஆயிலும் காற்றின் ஈரத்தைக் குடிக்கிற சரக்குதான்.